திங்கட்கிழமை வெட்டுக்கிளிகள்

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் செக்கிங் மேசையில் பதினான்கு வருடமாக நிற்கிறேன். காலர் கோணல், காஜா பிரிந்தது, பட்டன் இடம் மாறியது, உள்தையலில் விட்டுப்போன நூல், எதுவும் என்னைத் தாண்டிப் போகாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள் என்று தையல்காரிகள் என் முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். திட்டட்டும், எனக்கென்ன. நான் இப்போது சொல்லப்போவது என் அக்கா புருஷனைப் பற்றி. அவர் விஷயத்தில் நான் செய்த காரியத்தையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும், அதனால்தான் என் தொழிலை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அத்தானுக்கு பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை. இருபத்தெட்டு வருடம் அங்கேதான். கழற்றிப் போட்ட டயருக்குள் கையை விட்டு ஒரு சுற்றுத் தடவினால் போதும், ஆணி எங்கே குத்தியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கை அப்படி என்றால் வாய் அதற்கு மேல். டயரோடு பேசுவார், ஜாக்கியோடு பேசுவார், வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று குழாயோடு பேசுவார். எனக்கு 'இன்ஸ்பெக்டரம்மா' என்று பெயர் வைத்ததும் அவர்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டதற்குச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அத்தான் மட்டும், வந்த மாப்பிள்ளைக்கெல்லாம் இவள் ரிஜெக்ட் முத்திரை குத்திவிட்டாள், நாம் என்ன செய்ய முடியும் என்பார். ஒருநாள்கூட நான் அங்கே கூடுதல் ஆள் என்று அவர் முகத்தில் தெரிந்ததில்லை.

அக்காவுக்கும் அவருக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

டிப்போவின் பின்பக்கம் தேய்ந்துபோன டயர்களைக் குவித்து வைத்திருப்பார்கள். மழைத் தண்ணீர் அதற்குள் தேங்கும். கொசு வருகிறது, எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டு என்று ஒரு தடவை மேலிடத்து உத்தரவு வந்தபோது, ஒரு டயருக்குள் தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தனவாம். இவர் டீ பிளாஸ்கைக் கழுவி அதில் பிடித்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நான் அந்த பிளாஸ்கில் இனி டீ குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பிளாஸ்கில் வந்த ஏழில் மூன்று பிழைத்து, வால் உதிர்ந்து, கால் முளைத்து, தவளைகளாகிவிட்டன.

விரிசல் ஒட்டிய ஒரு மீன்தொட்டியை எங்கிருந்தோ வாங்கிவந்து, அடியில் ஈரமண்ணும் ஒரு தட்டில் தண்ணீரும் வைத்து, ஜன்னலோரம் ஸ்டூலில் ஏற்றினார். மேலே மூட கொசுவலைத் துணிக்கு ஓரம் அடித்துக் கொடுத்தது நான்தான். தவளைகளுக்குப் பெயரும் டிப்போவிலிருந்தே வந்தது. இடத்தை விட்டு நகராமல் வாய்க்கு வந்ததை மட்டும் தின்னும் பெரியது மேனேஜர். கண்ணை உருட்டிக்கொண்டு கண்ணாடியில் ஒட்டி எல்லாரையும் பார்ப்பது செக்கர். ஒரு மூலையில் யாருக்கும் வேண்டாதது மாதிரி கிடக்கும் சின்னது ஸ்டெப்னி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் தொட்டிமுன் உட்கார்ந்து, "சார், எனக்கு லீவு பாக்கி இருக்கு சார்" என்று மேனேஜரிடம் கெஞ்சுவார். கல்நெஞ்சுக்காரியான எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

தவளைக்கு அசையாத பொருள் தீனி இல்லை. சோற்றைப் போட்டாலும் சரி, செத்த ஈயைப் போட்டாலும் சரி, ஏறிட்டுப் பார்க்காது. உயிரோடு துள்ளவேண்டும், அப்போதுதான் நாக்கு நீளும். அதனால் தினம் வேலை முடிந்ததும் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் தரிசில் அரைமணி நேரம் வெட்டுக்கிளியும் சுவர்க்கோழியும் பிடிப்பார். என் கம்பெனியில் கழித்துப்போட்ட சட்டைக் கையை ஒரு கம்பிவளையத்தில் மாட்டித்தான் அவருடைய வலை.

பிடித்ததைக் கொண்டுவந்து அன்றைக்கே போட்டால் வேலை முடிந்தது. இவரோ ஜன்னல் திண்டில் மூன்று கண்ணாடி பாட்டில்களை வரிசையாக வைத்திருப்பார். மூடியில் ஆணியால் ஓட்டை. உள்ளே கேரட் துண்டு. இன்றைக்குப் பிடித்தது வலதுகோடி பாட்டிலில். மறுநாள் அது நடுவுக்கு நகரும், அதற்கு மறுநாள் இடதுகோடிக்கு. இடதுகோடிக்கு வந்த பிறகுதான் தவளைக்கு. பூச்சிக்கு எதற்கு இந்த உபசாரம் என்று ஒருநாள் கேட்டேன். நம் வீட்டுக்கு வந்தவர்கள் மூன்று நாளாவது தங்கிவிட்டுத்தானே போகவேண்டும் இன்ஸ்பெக்டரம்மா என்று சிரித்தார். அந்த மனிதர் எதையும் நேராகச் சொன்னதே கிடையாது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நேராகச் சொல்லியிருக்கக் கூடாதா? இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

போன வருடம் ஒரு முற்பகலில், பஸ் டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு போனவர் அப்படியே அதன்மேல் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வரும்போது வலது கையும் காலும் போயிருந்தன, பேச்சும் போயிருந்தது. சொல்வதெல்லாம் புரியும், பதில்தான் வராது. உதட்டைக் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க முயற்சி செய்வார், "ஆ" என்று ஒன்று வரும், அவ்வளவுதான். வாய் ஓயாத மனிதர் அப்படிக் கிடந்ததைப் பார்க்க எங்களுக்குத்தான் தைரியம் போதவில்லை.

முன்னறையில் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டோம். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி அம்மா ஒருவர் வந்து கையையும் காலையும் மடக்கி நீட்டுவார். முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அதுவரை விளக்கடியில் விழுகிற பூச்சியை வைத்துத்தான் அக்கா தவளைகளை ஓட்டியிருந்தாள். ஒருநாள் ஜன்னலுக்குத் தானாக வந்த வெட்டுக்கிளி ஒன்றை அவள் தொட்டிக்குள் விட, மேனேஜர் எகிறிப் பிடிக்க, அத்தானுடைய வலது கட்டைவிரல் துடித்தது. பார்த்தது அந்த அம்மாதான். எங்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

"இந்தக் கை வரணும்னா இந்தத் தவளைங்க இருக்கணும். அவருக்கு மனசு போற இடம் இது ஒண்ணுதான். எக்காரணம் கொண்டும் பட்டினி போட்டுடாதீங்க."

அக்கா அவரை விட்டு அசைய முடியாது. ஆக, பூச்சி பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிறவள் நான். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த சட்டைக்கை வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிறுத்தத்துப் புல்லில் நாலு நாள் அலைந்தேன். வெட்டுக்கிளி என் நிழலைப் பார்த்ததுமே பறந்துபோகும். நாலு நாளில் கிடைத்தது ஒரு எறும்பும் ஒரு ஈயும், அதுவும் தானாக வந்து வலையில் உட்கார்ந்த ஈ.

அடுத்த திங்கட்கிழமை கம்பெனி விட்டு வரும்போது காம்பவுண்டுச் சுவரோரம் இருக்கும் செடிவேலியில் சும்மா வலையை வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் பதினொரு வெட்டுக்கிளி. இலையில் உட்கார்ந்திருந்தவை ஓடக்கூட இல்லை. கையாலேயே எடுத்துப் போடலாம் போல இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கை பழகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அக்காவிடம் அதைப் பற்றி ஒரு பாட்டம் பீற்றிக்கொண்டேன். அதன்பிறகு தினமும் அந்த வேலிதான். திங்கட்கிழமை வேட்டை நன்றாக இருக்கும், வாரம் போகப் போகக் கொஞ்சம் குறையும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற எனக்கு அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

பூச்சிக்கு ஒரு பாட்டில் போதும் என்று மற்ற இரண்டையும் வெந்நீரில் கழுவி அக்காவிடம் கொடுத்தேன். அவள் உப்பும் சர்க்கரையும் போட்டு அலமாரியில் வைத்துக்கொண்டாள். பாட்டிலை நான் எடுத்தபோது அத்தான் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். அவசரம் போல என்று அக்கா பெட்பேனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் நாள் வெட்டுக்கிளி பாட்டிலைப் பெருமையாக அவரிடம் காட்டினேன். இடது கையால் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் கண்ணாடியைச் சுண்டினார். உள்ளே ஒன்றும் துள்ளவில்லை, காலை மட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தன. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பாட்டிலைப் போர்வைக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். எனக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, அருவருப்பை விழுங்கிக்கொண்டு பிடித்துவந்தால், தன் வேலையை இன்னொருத்தி செய்கிறாள் என்று வீம்பு பிடிக்கிறாரே என்று நினைத்தேன்.

"நான் பிடிச்சா ஆகாதா அத்தான்? அதுங்க பட்டினி கிடக்கட்டும்ங்கறீங்களா?"

விரல் விரலாகப் பிரித்து அந்த பாட்டிலைப் பிடுங்கினேன். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. டயர் தூக்கிய கை, ஆனால் அதில் அப்போது ஒரு குழந்தையின் பலம்தான் இருந்தது. அவர் கண்முன்னாலேயே தொட்டியின் கொசுவலையைத் தூக்கி ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் விட்டேன். மேனேஜர் இரண்டு தின்றார். அப்போது பார்த்தால் அத்தானுடைய வலது கட்டைவிரல் மட்டுமல்ல, ஆள்காட்டி விரலும் அசைந்தது. மணிக்கட்டு படுக்கையை விட்டு ஒரு விரற்கடை எழும்பி விழுந்தது. அக்கா அழுதுவிட்டாள். பிசியோதெரபி அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னோம். அப்படியே தொடருங்கள், நிறுத்தவே நிறுத்தாதீர்கள் என்றார்.

என் கையைத் தடுக்கத்தான் அந்தக் கை எழுந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

இப்படியே பதினைந்து நாள் போனது. தினமும் தொட்டிக்குள் பூச்சி விடும் நேரத்தில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். பக்கவாதம் வந்தவர்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள். அக்கா துண்டால் துடைத்துவிடுவாள், நான் அடுத்த பூச்சியை விடுவேன். இரண்டு பேரும் என்ன ஒற்றுமையாக அந்த வேலையைச் செய்தோம்.

ஸ்டெப்னிதான் முதலில். ஒரு காலையில் மல்லாந்து கிடந்தது. பின்னங்கால் இரண்டும் விறைத்து நீண்டிருந்தன. திருப்பிப் போட்டேன், மறுபடி சாய்ந்தது. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. எப்போதும் சோப்ளாங்கியாக இருந்தது, அதன் ஆயுசு அவ்வளவுதான் என்று அத்தானுக்கு நானே ஆறுதல் சொன்னேன். நாலாம் நாள் செக்கர். கண்ணாடியில் ஏறப் பார்த்து, பிடி கிடைக்காமல் வழுக்கி வழுக்கி விழுந்து, உடம்பெல்லாம் ஒரு துடிப்பு வந்து அடங்கிப்போனது.

அன்று சாயங்காலம் டிப்போவிலிருந்து அத்தானின் கூட்டாளி பார்க்க வந்தார். இருபது வருடமாக அவரோடு ஜாக்கி பிடிக்கிறவர், அதனால் அவருக்குப் பெயரே ஜாக்கிதான். மேனேஜர் மட்டும் மிஞ்சிய தொட்டியையும் ஜன்னல் திண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மற்ற பாட்டில்கள் எங்கே என்று கேட்டார். ஒன்று போதுமே என்றேன்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க. பிடிச்ச பூச்சிய மூணு நாள் வச்சிருந்து, உயிரோட துள்ளுதான்னு பாத்துட்டுதானே போடுவாரு. எங்கயாவது மருந்து தின்ன பூச்சியா இருந்தா மூணு நாளைக்குள்ள பாட்டில்லயே செத்துடும்ல."

நான் அத்தானைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை கம்பெனிக்குள் நுழையுமுன் தோட்டக்காரரைத் தேடிப் போனேன். வேலிக்கு மருந்து அடிப்பீர்களா என்று கேட்டேன். ஆள் இருக்கும்போது அடிக்கக்கூடாதென்று உத்தரவு, அதனால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அடிப்பதாகவும், போன இரண்டு மாதமாகப் புது மருந்து, நல்ல வேலை செய்கிறதென்றும் சந்தோஷமாகச் சொன்னார். ஓட முடியாமல் இலையில் உட்கார்ந்திருந்தவற்றைத்தான் நான் என் கைத்திறமை என்று பீற்றியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மேனேஜர் உயிரோடுதான் இருந்தது. ஈரத்துணி போட்ட டப்பாவில் வைத்து கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு நாய், ஒரு ஆடு. டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன், சிரிக்கவில்லை. தவளைக்கு வைத்தியம் தான் படித்ததில்லை என்றும், சுத்தமான தண்ணீரில் அடிக்கடி நனைத்துக்கொண்டே இருங்கள், தோல் வழியாகக் கொஞ்சம் விஷம் இறங்கலாம், இறங்காமலும் போகலாம் என்றும் சொன்னார். வேறு ஊசி, மருந்து ஏதாவது என்று கேட்டேன். இல்லையம்மா என்றார்.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி, கட்டிலுக்கு எதிரே வைத்து, மணிக்கொரு தடவை தண்ணீர் மாற்றினேன். உள்ளங்கையில் வைத்துத் தாங்கிப் பிடித்தால்தான் மூக்கு வெளியே இருந்தது. தொடுவதற்கே அருவருத்த பிராணி, இரண்டு நாள் என் கையிலேயே கிடந்தது. தொண்டை மேலும் கீழும் அசைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் ஒருக்களித்துப் படுத்து அதையேதான் பார்த்தார். அவருடைய வலது கையையும் பார்த்தேன். இந்த இரண்டு நாளும் அதில் ஒரு விரல்கூட அசையவில்லை.

இரண்டாம் நாள் மதியம், அக்கா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தொண்டை அசைவு நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன், தண்ணீரை அள்ளி ஊற்றிப் பார்த்தேன், புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. துணியில் சுற்றிக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவரிடம் சொல்லாதே, தானாகச் செத்ததென்றே இருக்கட்டும் என்று அக்கா என்னைக் கெஞ்சியிருந்தாள். என்னால் முடியவில்லை.

"அத்தான், நான் கொண்டுவந்ததெல்லாம் மருந்து தின்ன பூச்சி. மூணையும் நான்தான் கொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு கோணிக் கோணி வந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"தெ... ரி... யும்."

அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அக்கா ஈரக்கையோடு ஓடிவந்தாள். பேசினாரா, அவர்தானே பேசினார், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் மறுபடி சொன்னார், முன்னைவிடத் தெளிவாக. அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள், பிசியோதெரபி அம்மாவுக்கு போன் போட்டாள். துணியில் சுற்றிக் கிடந்ததைக் கண்டபோதுகூட, போகட்டும், போகும்போது பேச்சைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்றாள். எதற்குப் பதிலாக அவர் அதைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. கை அதற்குப் பிறகு வரவேயில்லை. ஜாக்கி புதிதாகத் தலைப்பிரட்டை பிடித்துக்கொண்டு வந்தார். அத்தான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டார், ஜாக்கி அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேச்சில் அந்த ஒரு வார்த்தை மட்டும் நிலைத்துவிட்டது. வேறு எந்த வார்த்தைக்கு முயற்சி செய்தாலும் வாயில் அதுதான் வருகிறது, சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று டாக்டர் சொல்கிறார். டீ வேண்டுமா என்று கேட்டால் தெரியும் என்பார். வலிக்கிறதா என்றால் தெரியும். அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிடப் பார்த்து அதுவும் தெரியும் என்றே வருகிறது. அக்காவுக்கு அது பழகிவிட்டது, எல்லாம் தெரிந்த மகான் என்று கேலிகூடச் செய்கிறாள், அவரும் வாய் கோணச் சிரிக்கிறார்.

காலையில் நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, போயிட்டு வர்றேன் அத்தான் என்று சொல்கிறேன். என்னைப் பார்த்துச் சிரமப்பட்டு உதட்டைக் கூட்டுகிறார். ஒருவேளை பழையபடி இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிடத்தான் பார்க்கிறாரோ என்னவோ. "தெரியும்" என்கிறார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிடுகிறேன்.